சைட்டுக்குப் புதிதாக வரும் இளம் பொறியாளர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி: கோவைக் கட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் முதுநிலைப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு பி.இ. முடித்த இருவரையும், சில வாரப் பயிற்சிக்காக வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் மூவரையும் நிர்வாகம் என்னிடம் ஒப்படைத்து, "சைட் வேலை பழக்கி விடுங்கள்" என்று சொல்லியிருக்கிறது. அதற்கென்று திட்டம் எதுவும் கிடையாது, தனியாக நேரமும் ஒதுக்கப்படவில்லை.

இப்போதைக்கு அவர்கள் செய்வதெல்லாம் காலையில் ஆள் கணக்கு எடுப்பது, வந்திறங்கிய சிமெண்ட் மூட்டைகளை எண்ணுவது, நடந்த வேலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆகியவைதான். இதையே ஓராண்டு செய்தால் ஓராண்டு அனுபவம் என்று சான்றிதழில் எழுதிக் கொடுக்கலாமே தவிர, அவர்கள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். படிப்பில் குறை சொல்வதற்கில்லை. பீமின் வளைதிருப்பத்தை (பெண்டிங் மொமெண்ட்) தாளில் சரியாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் கம்பி கட்டி முடித்த பீமின் முன்னால் நிறுத்தி, பில்லருக்கு மேலே வரும் கூடுதல் கம்பி எவ்வளவு தூரம் நீண்டிருக்க வேண்டும் என்று கேட்டால் வரைபடத்தைத் தேடுகிறார்கள்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அண்மையில் ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் நான் சுற்றிவந்தபோது, ஓரிடத்தில் பீமின் அடிக்கம்பி கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) இல்லாமல், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையிலேயே படிந்து கிடந்தது. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரைக் கேட்டேன். "பார்த்தேன் சார், மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை" என்றார். மேஸ்திரிக்கு அவருடைய தந்தையின் வயது இருக்கும்.

இவர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது, எந்த அளவுக்கு முடிவெடுக்க விடுவது, மேஸ்திரிகளுக்கும் இவர்களுக்கும் இடையே உள்ள உறவை எப்படிச் சீராக்குவது என்பதில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன். ஓராண்டில் வளைகுடாவுக்கோ, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சிக்கோ போய்விடுகிறவர்களுக்காக உங்கள் நேரத்தை ஏன் செலவிடுகிறீர்கள் என்று நிர்வாகம் கேட்கிறது. அதற்கும் யாரேனும் விடை வைத்திருந்தால் சொல்லுங்கள்.


பதில் 1: காவிரிக்கரைப் பொறியாளர்

வணக்கம் நண்பரே. திருச்சிப் பக்கம் திட்ட மேலாளராக இருக்கிறேன். நீங்கள் சொன்ன கவர் பிளாக் நிகழ்ச்சியை நான் இப்படிப் பார்க்கிறேன்: அந்தத் தம்பிக்குக் குறை எது என்று தெரிந்திருந்தது, அதைச் சொல்லி வேலையை நிறுத்தும் உரிமை தனக்கு இருப்பதாகத்தான் தெரியவில்லை. அந்த உரிமையை நீங்கள் வெளிப்படையாகக் கொடுக்காதவரை எத்தனை வகுப்பு எடுத்தாலும் அவர் அடுத்த முறையும் பார்த்துக்கொண்டு நிற்பார். எனவே சிறியதாக, எல்லை வகுத்த ஓர் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள்.

நான் பில்லரிலிருந்து தொடங்குவேன். 230க்கு 600 மி.மீ. அளவில் மூன்று மீட்டர் உயரப் பில்லருக்குக் கான்கிரீட் அரை கன மீட்டருக்கும் குறைவாகவே ஆகும். புதியவர் ஒருவர் அதை நிறுத்தி வைத்தாலும், அவர் நிறுத்தியது தவறாகவே இருந்தாலும், பெரிய நட்டம் வந்துவிடாது. தளத்துக்கு அப்படி விட முடியாது. பம்ப் வந்து நிற்கும், ஆறு கன மீட்டர் கான்கிரீட் வண்டிகள் தெருவில் வரிசை கட்டும், அந்த நெருக்கடியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், கற்றுக்கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே முதல் சில மாதங்களுக்குப் பில்லரின் கம்பி, ரிங் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி, ஒட்டு நீளம் (இரு கம்பிகள் சேர்ந்து போகும் நீளம்), கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் கவர், தூக்குக்குண்டு ஆகிய அனைத்தையும் அவரே சரிபார்த்து, கான்கிரீட் போடுவதற்கு முன் நிரப்பும் சரிபார்ப்புச் சீட்டான போர் (pour) கார்டில் கையெழுத்திடட்டும். அதன் பிறகு நீங்கள் போய்ப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். இருவரும் சேர்ந்து போனால் நீங்கள் சுட்டிக்காட்டுவதை அவர் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவர் தனியாகப் பார்த்து முடித்த பிறகு நீங்கள் கண்டுபிடிக்கும் குறைதான் அவர் மனத்தில் தங்கும். கான்கிரீட் போடும் நாள் காலையில் இதைச் செய்யாமல் முந்தின நாள் மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

காரணத்தையும் கூடவே சொல்லுங்கள். ரிங்கின் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 135 பாகை என்று இருக்கும், ஆனால் 90 பாகையில் மடக்கிவிட்டால் நட்ட கம்பிகளுக்குள் நுழைப்பது எளிது என்பதால் பார்பெண்டர் (கம்பி வளைப்பவர்) அப்படியே மடக்குவார். நில நடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 13920 கொக்கியை 135 பாகையில் மடக்கி, நுனியைக் கம்பி விட்டத்தின் ஆறு மடங்கு, குறைந்தது 65 மி.மீ., உள்ளே நீட்டச் சொல்கிறது. நில நடுக்கத்தில் வெளிப்புறக் கவர் உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி விரிந்துவிடும், ரிங் திறந்தால் நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும் என்பதைப் பில்லரின் பக்கத்தில் நின்றே விளக்கினால், அந்த இளைஞர் தன் வாழ்நாளில் எந்தச் சைட்டிலும் கொக்கியைப் பார்க்காமல் நகர மாட்டார். "கோடில் (விதிநூலில்) இருக்கிறது, செய்" என்று மட்டும் சொன்னால் உங்கள் சைட்டில் மட்டும்தான் பார்ப்பார்.

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே மேஸ்திரி, பார்பெண்டர், சென்ட்ரிங் ஆள் அனைவரையும் வைத்துக்கொண்டு, "இனிமேல் தம்பி கையெழுத்து போடாமல் பில்லருக்குக் கான்கிரீட் கிடையாது" என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பிறகு தம்பி ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால் அதை ஆட்கள் முன்னால் திருத்தாதீர்கள். அவரைத் தனியே அழைத்துப் பேசி, அவரே போய் மாற்றிச் சொல்லும்படி செய்யுங்கள். அதே சமயம் அந்த மேஸ்திரியிடமே அவரை மாணவராகவும் அனுப்புங்கள். தூக்குக்குண்டை இரண்டு முகங்களில் பிடிப்பது, வைப்ரேட்டர் ஊசியை ஏன் மெதுவாக மேலே இழுக்க வேண்டும் என்பது, நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவலில் காற்றுக்குமிழ் நின்றால் மட்டம் எப்படிப் பொய்யாகும் என்பது ஆகியவற்றை மேஸ்திரியைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியாது. பார்பெண்டரின் பலகையருகே உட்கார்ந்து தன் கையால் பத்து ரிங் மடக்கிப் பார்த்தவர் சொல்லும் திருத்தத்தை அந்தப் பார்பெண்டர் முகம் சுளிக்காமல் ஏற்பார்.

கான்கிரீட் வண்டியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் அவர்களைக் கொண்டே கணக்குப் போட வையுங்கள். ஒரு கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்டும் 160 லிட்டர் தண்ணீரும் உள்ள கலவை என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.47. ஆறு கன மீட்டர் வண்டியில் "கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும்" என்று 100 லிட்டர் ஊற்றினால் அது 0.52 ஆகிவிடும். மிதமான சூழலில் இருக்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்ச வரம்பு 0.50. தானே போட்ட இந்தக் கணக்கு கையில் இருந்தால், பம்ப் ஆப்பரேட்டர் தண்ணீர்க் குழாயைத் தூக்கும்போது அந்த இளைஞருக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் விடவே கூடாது. முட்டு (சென்ட்ரிங் பலகையைத் தாங்கும் கால்) பிரிக்கும் உத்தரவு உங்களிடமே இருக்கட்டும். தளத்தின் விரிவு (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் கெடுவை அவர்கள் பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்கட்டும். ஆனால் பலகை வாடகையைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் நாடிப்போகும் முதல் ஆள் சைட்டிலேயே இளையவராகத்தான் இருப்பார். ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட கான்டிலீவரில் முட்டுகளை வெளி நுனியிலிருந்து உள்நோக்கிப் பிரிக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு அப்போது தெரிந்திருக்காது. தவறு நேர்ந்தால் கீழே நிற்பவர்கள் சித்தாள்களும் பெரியாள்களும்தான்.


பதில் 2: மதுரை பில்லிங்

மேலே எழுதிய ஐயாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கையெழுத்து அதிகாரத்தைக் கொடுப்பதற்கு முன் டேப் பிடிக்கப் பழக்க வேண்டும் என்பது என் எண்ணம். அளவெடுக்கத் தெரியாதவர் கையில் போர் கார்டைக் கொடுத்தால் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்து அனுப்பிவிடுவார். இதை நான் பல சைட்களில் பார்த்துவிட்டேன்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் மாடிப்படி ஒன்றின் கம்பிப் பட்டியலைத் தாளில், கையால் போடச் சொல்வேன். நிறுவனத்தில் ஆயத்த எக்செல் கோப்பு இருக்கிறது, அதில் நீளத்தையும் எண்ணிக்கையையும் தட்டினால் எடை வந்து நிற்கும். அந்தக் கோப்பு எனக்கும் வேண்டியதுதான். ஆனால் படிக்கட்டின் சாய்தளக் கம்பி லேண்டிங்கில் எங்கே மடங்குகிறது, எந்தக் கம்பி எதன் மேல் போகிறது என்று ஒருமுறையாவது வரைந்து பார்க்காதவருக்கு அந்தக் கோப்பு தரும் எண் சரியா என்று சந்தேகப்படக்கூடத் தெரியாது. பட்டியல் போட்டு முடித்ததும் சைட்டுக்குப் போய்க் கட்டிய கம்பியை எண்ணி வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் யார் பக்கம் பிழை என்பதை அவரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கம்பி லோடு இறங்கும்போது ஒவ்வொரு விட்டத்திலும் சில துண்டுகளைச் சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி எடை போடச் சொல்லுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும்: 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 16 மி.மீ. கம்பிக்கு 1.58. இந்த இரண்டு விட்டங்களுக்கும் ஐ.எஸ். 1786 ஐந்து சதவீதம் வரை கூடுதல் குறைச்சலை அனுமதிக்கிறது, 10 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு ஏழு சதவீதம். எடைச் சீட்டில் உள்ள டன்னுக்கும் கட்டிய கம்பியின் கணக்குக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று மாதக் கடைசியில் மண்டையை உடைத்துக்கொள்ளும் நிலை இதனால் பாதி குறையும். இளைஞருக்கும் கணக்கு என்பது பொருளோடு சேர்ந்தது என்று புரியும்.

பூச்சு வேலை அளப்பதையும் விட்டுவிடாதீர்கள். திறப்பின் பரப்பு அரைச் சதுர மீட்டர் வரை இருந்தால் பூச்சுப் பரப்பிலிருந்து எதையும் கழிக்கக்கூடாது, அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை இருந்து இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1200 கூறும் முறை. குளியலறை வென்டிலேட்டர் 0.6க்கு 0.45 என்றால் 0.27 சதுர மீட்டர்தான், அதைத் தொடக்கூடாது. 1.2க்கு 1.2 ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் கழியும். புதிதாக வந்தவர் ஆர்வத்தில் எல்லாத் திறப்பையும் இரண்டு பக்கமும் கழித்துவிட்டால், பூச்சு ஒப்பந்தக்காரர் அடுத்த நாளே ஆளை நிறுத்திவிடுவார். ஜன்னல் திறப்பின் பக்க ஓரங்கள், மேல் விளிம்பின் அடிப்புறம், கீழ் விளிம்பு ஆகியவற்றின் பூச்சுக்குத் தனியாகப் பணம் கிடையாது என்பதற்கு ஈடாகத்தான் இந்த ஏற்பாடு என்று தெரிந்தவர் சண்டை வராமல் அளப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது பில்லிங் மேசைக்கு அவர்களை அனுப்பிவையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.


பதில் 3: ஓ.எம்.ஆர். தள மகள்

நான் பழக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சென்னையில் சைட் பொறியாளராக மூன்றாம் ஆண்டு. தொடக்கத்தில் ஆண் பொறியாளருக்கு "சார்" என்று போகும் மரியாதை எனக்கு "பாப்பா" என்று வந்தது. பாசத்தோடுதான் அழைக்கிறார்கள் என்பது புரிகிறது, ஆனால் பாப்பா சொல்லி யாரும் ரிங்கைப் பிரித்துக் கட்டுவதில்லை. எங்கள் மேலாளர் இதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மேஸ்திரி தன்னிடம் நேராக வந்து கான்கிரீட்டுக்கு அனுமதி கேட்டபோதெல்லாம், "மேடம் பார்த்துவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். சில வாரங்களில் மேஸ்திரி என்னிடம் நேராக வரத் தொடங்கினார்.

கேள்வி கேட்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இதுகூடத் தெரியாதா, காலேஜில் என்ன படித்தாய்?" என்ற ஒரு வாக்கியம் போதும், அதன் பிறகு அந்த இளைஞர் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்க மாட்டார். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பதால், நான் ஒரு கோடு போட்ட நோட்டில் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுவேன்: என்ன நடந்தது, எனக்கு எது புரியவில்லை. மேலாளர் நேரம் கிடைக்கும்போது ஓரத்தில் இரண்டு வரி எழுதித் தருவார். சில நாள் "நாளை 11 மணிக்கு இரண்டாம் மாடிக்கு வா" என்று மட்டும் எழுதியிருக்கும். நேரமில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள் ஐயா. இதற்குப் பெரிய நேரம் தேவைப்படாது, வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது படங்களைத் தள்ளிப் பார்க்கும் நேரத்தைவிடக் குறைவுதான்.

உங்களிடம் வந்திருப்பவர்களில் பெண்கள் இருந்தால், அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள், வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது இரவுக் கான்கிரீட். நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் பரவிய ஒரே அடித்தளக் கான்கிரீட்) போன்ற பெரிய வேலைகள் இரவில்தான் நடக்கின்றன. பாதுகாப்புக் கருதிப் பெண்களை மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், பிறகு பதவி உயர்வு வரும்போது "பெரிய கான்கிரீட் போர் பார்த்த அனுபவம் இல்லை" என்கிறார்கள். விருப்பம் உள்ளவர்களுக்கு வாகன ஏற்பாடு செய்து, கூட இன்னொரு பெண் ஊழியரையும் அமர்த்தினால் இது நடக்கக்கூடியதுதான். எங்கள் சைட்டில் நடக்கிறது.


பதில் 4: பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்

உங்களிடம் உள்ள ஐவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில வாரங்களுக்கு வரும் மாணவருக்குப் போர் கார்டும் அதிகாரமும் பொருந்தாது. அவர்களை எங்கெங்கோ அலைய விடாமல் ஒரே ஒரு பில்லரையோ ஒரு தளப் பகுதியையோ பின்தொடரச் செய்யுங்கள். சென்டர் லைன் குறிப்பது, ஸ்டார்ட்டர் (பில்லரின் அடியில் முதலில் போடும் சிறு கான்கிரீட்), கம்பி, பலகை, கான்கிரீட், பலகை பிரிப்பு, சாக்கு சுற்றி நீராற்றுவது, ஏழாம் நாள் கியூப் (வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கட்டி) உடைப்பது ஆகிய அத்தனையும் அந்தச் சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். கல்லூரிக்குத் திரும்பிவரும் மாணவர் பத்து வேலைகளைப் பாதிப் பாதி பார்த்ததாகச் சொல்வதைவிட, ஒரு பில்லரின் கதையை முழுதாகச் சொன்னால் எங்களுக்கும் மகிழ்ச்சி.

ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கச் சோதனை), கியூப் இரண்டையும் அவர்கள் கையாலேயே செய்யட்டும். எத்தனை மாதிரி எடுப்பது என்பதை அவர்களே சொல்லட்டும்: ஐ.எஸ். 456 அட்டவணைப்படி 5 கன மீட்டர் வரை ஒன்று, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு. 28 கன மீட்டர் தளத்துக்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப் என்று ஒன்பது கியூப்கள் 28ஆம் நாள் சோதனைக்கு வேண்டும், ஏழாம் நாளுக்கு வேண்டியவை இதற்கு மேல். பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவரே, மூன்று அடுக்காகக் கான்கிரீட்டை நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் குத்தும்போதுதான் எதற்காக மூன்று அடுக்கு என்று முதன்முறையாக யோசிக்கிறார். தலைக்கவசம், காலணி, காப்பீடு ஆகியவை இல்லாமல் மாணவரை உள்ளே விடாதீர்கள். தடுப்பு இல்லாத தள ஓரத்துக்குத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

பட்டதாரிகள் இருவரைப் பற்றி நிர்வாகத்திடம் பேசும்போது தொழிற்பழகுநர் சட்டத்தை நினைவூட்டுங்கள். 1961ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டுப் பயிற்சியாக முறைப்படி பதிவு செய்தால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கும். 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவு செய்துவிட்டால் பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிவைத்தே ஆக வேண்டியிருக்கும், உங்களுக்கும் அது ஒரு பிடிமானம்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: கோவைக் கட்டுநர்

அனைவருக்கும் நன்றி. இரண்டாம் கட்டடத்தின் பில்லர்களிலிருந்து தொடங்குகிறேன். மதுரை நண்பர் சொன்னபடி அதற்கு முன் இருவரையும் கம்பிப் பட்டியல் போட வைத்துவிடுகிறேன். மாணவர் மூவருக்கும் ஆளுக்கொரு பில்லரை ஒதுக்குவதும் எளிதாகவே முடியும். கழிப்பறை குறித்துத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு போய்ப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. நாளை மாட்டிவிடுவார்கள்.

திருச்சி ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம். புதியவர் கையெழுத்திட்ட பில்லரில் பிறகு குறை தெரிந்தால் பொறுப்பு யாருடையது? நிர்வாகம் அந்த இளைஞரைப் பிடித்துக்கொண்டால் மறுநாளே அவர் போய்விடுவாரே?


பதில் 5: காவிரிக்கரைப் பொறியாளர்

பொறுப்பு உங்களுடையதுதான், அதில் ஐயமே வேண்டாம். போர் கார்டில் "சரிபார்த்தவர்", "ஒப்புதல் அளித்தவர்" என்று இரண்டு இடங்களை ஒதுக்குங்கள். முதலாவதில் அவர் கையெழுத்து, இரண்டாவதில் உங்களுடையது. இரண்டும் இல்லாமல் ஸ்டோரிலிருந்து சிமெண்ட் வெளியே போகக்கூடாது என்று ஸ்டோர்கீப்பருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குறை வந்தால் நிர்வாகத்தின் முன் நிற்க வேண்டியவர் ஒப்புதல் அளித்தவர். இதையும் அந்த இளைஞர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், தாங்கள் பார்த்த குறையை மறைக்காமல் எழுதுவார்கள்.

ஓராண்டில் போய்விடுவார்கள் என்ற வாதத்துக்கு, தேன்கூடு விழுந்த (கான்கிரீட் நிறையாமல் பொந்து விழுந்த) பில்லரைக் கொத்தி, இளக்கமான கலவையால் கிரவுட் செய்ததற்கும், மட்டம் தவறிய சுவருக்குப் பூச்சைத் தடிமனாக ஏற்றியதற்கும் சென்ற ஆண்டு ஆன செலவை எடுத்து நிர்வாகத்தின் முன் வையுங்கள். அந்தச் செலவில் ஒரு பகுதி குறைந்தாலே இருவரின் சம்பளம் தேறும், அவர்கள் இருக்கும் அந்த ஓராண்டிலேயே தேறும். போகிறவர்களை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லச் செய்து, அந்த வாரம் முழுவதும் அடுத்து வருபவரோடு பில்லர் சரிபார்க்கும் வேலையில் சேர்த்து அனுப்புங்கள். கார்டின் மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், தமிழில் அச்சிட்டது என்னிடம் இருக்கிறது. மேஸ்திரிகளும் அதை வாசித்துவிடுகிறார்கள்.